ஓடிய காலும் விற்ற காலணியும்

காலணி காலைக் காப்பதற்கென்று உண்டானது. கல்லும் முள்ளும் தைக்காமல் நடக்கவேண்டும் என்பதே அதனை முதலிற் செய்தவன் கருத்தாக இருந்திருக்கும். அத்துணை எளிய பொருள், ஒரு மனிதனின் பெயரைத் தாங்கியவுடன் பன்மடங்கு மதிப்புப் பெறுகிறது. அப்பெயரைத் தாங்காத காலணி, அதே தோலும் அதே ரப்பரும் கொண்டு செய்யப்பட்டிருந்தாலும், கடையில் கிடந்து தூசி படிகிறது. விளையாட்டு வீரர்களின் புகழ் காலணிக் கம்பெனிகளை வாழவைத்த கதை, சென்ற நூறாண்டு வாணிக வரலாற்றில் தனியோர் அத்தியாயம் எனலாம். அதைப் படிப்போர் பெரும்பாலும் கம்பெனி அடைந்த இலாபத்தையே கணக்கிடுகின்றனர். ஓடிய காலுக்கு உரியவன் என்ன பெற்றான் என்று கேட்போர் சிலரே. அக்கேள்விக்கு வரலாறு தந்த விடையோ காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

கதை ரப்பரோடு தொடங்குகிறது. 1839-இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். அதற்கு முன்னர் வெயிலில் இளகியும் குளிரில் வெடித்தும் பயனற்றுப் போன ரப்பர், அதன்பின் சப்பாத்தின் அடித்தட்டாக நிலைபெற்றது. 1908-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் நகரில் மார்க்விஸ் மில்ஸ் கான்வர்ஸ் என்பவர் ஒரு ரப்பர்க் காலணிக் கம்பெனியை நிறுவினார். பனிக்காலத்திற்குரிய ரப்பர்ச் சப்பாத்துகளே அதன் முதற் சரக்கு. பனி நீங்கினால் தொழிலாளர்க்கு வேலை குறையும். ஆகவே ஆண்டு முழுவதும் விற்கத்தக்க பொருளொன்றைத் தேடிய கம்பெனி, 1917-இல் கித்தானும் ரப்பரும் கொண்டு கூடைப்பந்துக் காலணியைச் செய்யத் தொடங்கிற்று. கூடைப்பந்து அப்போது வயதில் இளைய ஆட்டம். அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் 1891-இல் தம் மாணவர்களுக்காக வகுத்த ஆட்டம் அது. (மலாயாத் தோட்டங்களில் மரம் சீவி எடுத்த பாலுக்கு அந்நாளில் உலகிலேயே பெரிய வாடிக்கைக்காரர் அமெரிக்கர்தாம் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி மோட்டார் வண்டிச் சக்கரங்களாயிற்று.)

1921-ஆம் ஆண்டு கான்வர்ஸ் கம்பெனியின் சிக்காகோ அலுவலகத்தில் வேலை கேட்டு ஓர் இளைஞர் வந்து நின்றார். அவர் பெயர் சார்லஸ் டெய்லர். சக் டெய்லர் என்று அழைப்பர். இந்தியானா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். டயர்க் கம்பெனியொன்றின் கூடைப்பந்துக் குழுவில் ஆடிய பழக்கமும் அவருக்கு இருந்தது. எனினும் அவரைப் பெருவீரர் என்று சொல்வதற்கில்லை. அவருடைய ஆட்டத் திறமை குறித்துப் பிற்காலத்தில் பரவிய கதைகள் சிலவற்றை வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஐயுற்றே எழுதியிருக்கிறார். டெய்லரின் உண்மையான திறமை வேறு. அவர் ஆசிரியராகப் பிறந்தவர்.

காரின் பின்பெட்டியில் சப்பாத்துகளை நிரப்பிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வார். ஓர் ஊருக்குப் போனால் சரக்கை விரித்துக் கூவுவதில்லை. பள்ளிக்கூடத்து ஆட்டக்கூடத்தில் மாணவர்களைக் கூட்டி, பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கைமாற்றுவது, காலை எங்கே ஊன்றித் திரும்புவது என்று செய்துகாட்டிப் பயிற்றுவிப்பார். பயிற்றுநர்களோடு அளவளாவுவார். பாடம் முடிந்தபின், சப்பாத்து வேண்டுமென்பாரை உள்ளூர்க் கடைக்காரரிடமே அனுப்பிவிடுவார். கடைக்காரருக்கும் மகிழ்ச்சி, பயிற்றுநர்க்கும் மகிழ்ச்சி. கம்பெனிக்கோ ஓயாத விற்பனை. 1922 முதல் கம்பெனி கூடைப்பந்து ஆண்டுமலர் ஒன்றையும் வெளியிட்டு வந்தது. எந்தப் பள்ளியில் எந்தக் குழு நன்றாக ஆடியது என்பதை அறிய நாடெங்கும் பயிற்றுநர்கள் அம்மலரை எதிர்பார்த்திருந்தனர். 1934-இல் சப்பாத்தின் கணுக்காலை ஒட்டிய வட்டமான ஒட்டில், நட்சத்திரச் சின்னத்தோடு டெய்லரின் கையெழுத்தும் சேர்ந்தது. விற்பனையாளர் ஒருவரின் பெயர் சரக்கின் பெயராயிற்று.

அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டு அமெரிக்கக் கூடைப்பந்துத் திடலெங்கும் அக்காலணியே ஆண்டது. 1962 மார்ச்சு 2-ஆம் நாள் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தபோது அவர் காலில் இருந்ததும் அதுவே. சரி, கையெழுத்துக்கு உரியவர் பெற்றது என்ன? மாதச் சம்பளமும் பயணச் செலவுப் பணமும்தாம். விற்ற சோடிக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரு காசும் பங்கில்லை. வாழ்நாளிற் பெரும்பகுதியைச் சாலையோர விடுதிகளிலேயே கழித்தார். 1969-இல் இறந்தார். அவர் குறைப்பட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை. பாடம் சொல்லிக் கொடுப்பதையே ஊதியமாகக் கொள்வோர் எத்தொழிலிலும் உண்டு. ஆனால் அவர் மனம் நிறைந்திருந்தது என்பதனால் கம்பெனியின் கணக்கு நேராகிவிடாது.

அமெரிக்காவில் பெயரை வெளிப்படையாகவேனும் எழுதினர். ஐரோப்பாவில் அதுவும் இயலாத காரணம் ஒன்றிருந்தது. ஒலிம்பிக் விளையாட்டில் கலந்துகொள்வோர் பொருளுக்காக விளையாடுபவராக இருத்தல் கூடாது என்பது அக்கால விதி. விதியின் கடுமைக்கு ஜிம் தோர்ப் சான்று. அமெரிக்கப் பழங்குடியினராகிய அவர் 1912-இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். முன்பு சிறு கூலிக்குப் பேஸ்பால் ஆடினார் என்று கூறி மறு ஆண்டே அவற்றைப் பறித்தனர். 1982-இல் பதக்கங்களைத் திருப்பித் தர முடிவு செய்தபோது தோர்ப் இறந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தகைய காலத்தில் எந்த ஓட்டக்காரர் துணிந்து சப்பாத்துக்குப் பெயர் கொடுப்பார்?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஹெர்ட்சோகெனௌராக் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ருடால்ஃப் டாஸ்லர், அடால்ஃப் டாஸ்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1924-இல் காலணித் தொழிற்சாலையொன்றைப் பதிவு செய்தனர். மூத்தவர் விற்பதில் வல்லவர். இளையவர் செய்வதில் வல்லவர். தடகள வீரர்க்கு ஆணி பதித்த சப்பாத்து செய்வதில் இளையவருக்கு அளவற்ற ஈடுபாடு. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தை வென்ற லீனா ராட்கே அவர்கள் செய்த சப்பாத்தையே அணிந்திருந்தார். 1933-இல் சகோதரர் இருவரும் ஹிட்லரின் கட்சியில் சேர்ந்தனர். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் கதையின் முரண் விளங்காது.

1936-இல் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தது. வெள்ளை இனத்தின் மேன்மையை உலகுக்குக் காட்டும் அரங்காக அதை ஆக்க நினைத்தனர் ஆட்சியாளர். அவ்வரங்கிலே அமெரிக்கக் கறுப்பினத்தவராகிய ஜெஸ்ஸி ஓவன்ஸ், ஆகஸ்டு 3 முதல் 9 முடிய ஒரு வாரத்திற்குள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கம் வென்றார். அவருக்கு அடால்ஃப் டாஸ்லர் தம் ஆணிச் சப்பாத்துகளைக் கொடுத்திருந்தார். கட்சி உறுப்பினர் ஒருவர் செய்த காலணி, கட்சிக் கொள்கையைப் பொய்யாக்கிய காலில் ஏறிற்று. நல்ல கைவினைஞனுக்கு நல்ல கால் ஒன்றே கண்ணிற்படும் போலும்.

அந்நான்கு தங்கத்தால் பயனடைந்தது யார்? போர் முடிந்தபின் அவ்வூர்ப் பக்கம் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர், ஓவன்ஸ் அணிந்த சப்பாத்து அங்கேதான் செய்யப்பட்டது என்று அறிந்து, தங்கள் விளையாட்டுக்கும் அதுவே வேண்டுமென்று கேட்டு வாங்கினர் என்பர். போரின் இறுதியாண்டுகளில் பீரங்கி வண்டி உடைக்கும் கருவியின் உறுப்புகளைச் செய்யுமாறு ஏவப்பட்டிருந்த தொழிற்சாலை, மீண்டும் சப்பாத்துத் தைக்கத் தலைப்பட்டது. ஓவன்ஸின் கதை வேறு. போட்டிகள் முடிந்ததும் காட்சி ஓட்டங்களுக்காகச் சுவீடனுக்குச் செல்லுமாறு தடகளச் சங்கத்தார் பணித்தனர். அவர் மறுத்து ஊர் திரும்பினார். உடனே சங்கம் அவரை விலக்கிவைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கியூபாவின் ஹவானா நகரில் பந்தயக் குதிரையொன்றோடு ஓடிக் கூலி பெற்றார் உலகின் அதிவேக மனிதர். சலவைத் தொழில் நடத்தி நொடித்தார். நான்கு தங்கப் பதக்கங்களைத் தின்ன முடியாது என்ற கருத்தில் பிற்காலத்தில் அவர் மனம் கசந்து பேசியது பலரும் அறிந்ததே. டாஸ்லர்கள் அவருக்கு ஒன்றும் கொடுக்காததைக் குற்றம் என்பதற்கில்லை. கொடுத்திருந்தால் அவர் ஓட்டம் அன்றே நின்றிருக்கும். விதியே அவ்வாறு இருந்தது. சப்பாத்துச் செய்பவன் வாணிகம் செய்யலாம். சங்கத்தார் நுழைவுச் சீட்டு விற்கலாம். ஓடுபவன் மட்டும் பொருளை நினைத்தலாகாது. இதற்குப் பெயர் தூய்மை.

சகோதரர் இருவரும் 1948-இல் பிரிந்தனர். பகை ஏன் மூண்டது என்பதற்குப் பல கதைகள் உண்டு. அவை குடும்பத்துச் செய்திகள். ஊரின் நடுவே ஓடும் ஆற்றின் இரு புறமும் இரு தொழிற்சாலைகள் எழுந்தன. ருடால்ஃபின் கம்பெனி பூமா. அடால்ஃபின் கம்பெனி, அவருடைய செல்லப்பெயராகிய அடி என்பதையும் குடும்பப் பெயரின் முதற்பகுதியையும் சேர்த்து 1949-இல் அடிடாஸ் எனப் பதிவாயிற்று. (தமிழில் அடி என்பது பாதத்தைக் குறிப்பதைக் கண்டு சொல்லாராய்ச்சியில் இறங்கவேண்டா. அது வெறும் தற்செயல்.) ஊரார் எதிரில் வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் குனிந்து சப்பாத்தைப் பார்ப்பராம். கல்லறையிலும் இருவரும் ஒரே இடுகாட்டின் இரு கோடிகளில் துயில்கின்றனர்.

இவ்விடத்தே நுட்பமான செய்தியொன்று உண்டு. வீரன் வாய் திறந்து புகழக்கூடாது; பணமும் பெறக்கூடாது. ஆகவே சப்பாத்தே பேசவேண்டியதாயிற்று. அடிடாஸின் பக்கவாட்டில் மூன்று பட்டைகளும், பூமாவின் பக்கவாட்டில் வளைந்த பட்டையொன்றும் அமைந்தன. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் செய்தித்தாளின் மங்கலான படத்திலும் இன்னார் சப்பாத்து என்று அவை தெரிந்தன. 1954-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்த உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில், மழைச்சேற்றில் மேற்கு ஜெர்மனி 3-2 என ஹங்கேரியை வென்றது. நிலத்திற்கேற்ப மாற்றித் திருகக்கூடிய குமிழ்கள் கொண்ட அடிடாஸ் சப்பாத்தை வென்றவர்கள் அணிந்திருந்தனர். அவ்வெற்றியில் சப்பாத்துக்கும் பங்குண்டு என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. ஒரு கையெழுத்தும் இல்லாமலே கம்பெனி உயர்ந்தது. 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அடால்ஃபின் மகன் ஹார்ஸ்ட், அப்போது இருபது வயதினர், வீரர்களுக்குச் சப்பாத்துகளை இலவசமாக வழங்கினார். கொடை என்ற பெயரில் தொடங்கியது விரைவிலேயே பேரமாக மாறிற்று.

1960-இல் ரோமாபுரியில் 100 மீட்டர் ஓட்டத்தை வென்ற ஜெர்மானியர் ஆர்மின் ஹாரி, பூமாவை அணிந்து ஓடினார். பதக்கம் பெறும் மேடைக்கு அடிடாஸ் அணிந்து வந்தார். இரு பக்கமும் ஆதாயம் தேடினார் என்று அடிடாஸ் தரப்பு வெகுண்டது. 1968-இல் மெக்சிகோ நகரத்தில் நிலைமை முற்றிற்று. வீரர்களின் சப்பாத்துக்குள் பண உறை வைத்துக் கொடுக்கப்பட்டதை மறு ஆண்டு அமெரிக்க இதழொன்று விரிவாக எழுதிற்று. விதி இருந்தது, விதியைக் காப்பதாகச் சொன்னவர்களும் இருந்தனர், பணம் மட்டும் மேசைக்கு மேலிருந்து கீழே இறங்கிவிட்டது. அந்த மெக்சிகோவில்தான் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்னும் கறுப்பின ஓட்டக்காரர் இருவர், தம்மவரின் வறுமையைக் காட்டுவதற்காகச் சப்பாத்தின்றிக் கறுப்புக் காலுறையோடு மேடையேறிக் கையுயர்த்தி நின்றனர். அவர்களருகே மேடைமேல் பூமாச் சப்பாத்தும் வைக்கப்பட்டிருந்தது. வறுமையின் சின்னமும் வாணிகத்தின் சின்னமும் ஒரே மேடையில் இருந்தன என்று நகைப்பாரும் உளர். அஃது எளிய நகைப்பு. அவ்விருவரும் அந்நாளே அனைத்தையும் இழக்கத் துணிந்து நின்றவர்கள். குழுவிலிருந்து நீக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

காற்பந்தில் இத்தடை இல்லை. பிரேசிலின் பெலே கூலி பெறும் ஆட்டக்காரர் என்பதை யாரும் மறைக்கவில்லை. அவரை மட்டும் ஏலம் எடுப்பதில்லை என்று டாஸ்லர் குடும்பத்தின் இரு கிளைகளும் தம்முள் உடன்பட்டிருந்தன என்றும், பூமா அவ்வுடன்பாட்டை மீறியது என்றும் கூறுவர். 1970 உலகக் கிண்ணத்தில், ஆட்டம் தொடங்குமுன் பெலே நடுவரிடம் சிறிது நேரம் கேட்டுக் குனிந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்டினார். படக்கருவிகள் எல்லாம் அவர் காலை நோக்கின. உலகம் பூமாவைக் கண்டது. கயிறு அவிழ்ந்திருக்கவேண்டிய தேவையில்லை.

இனிக் கூறுவது பெருந்திருப்பம். 1984-இல் மைக்கேல் ஜார்டன் என்னும் இளைஞர் சிக்காகோ கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் கான்வர்ஸ் அணிந்து ஆடியவர், விரும்பியதோ அடிடாஸை. நைக்கியின் பெயரை அவர் பொருட்படுத்தவேயில்லை. ஓட்டப் பயிற்றுநர் பில் பவர்மனும் அவருடைய மாணவர் பில் நைட்டும் 1964-இல் வேறு பெயரில் தொடங்கி, 1971-இல் அப்பெயரைச் சூட்டிக்கொண்ட அமெரிக்கக் கம்பெனி அது. நைக்கியாரிடம் சென்று பேசுமாறு வற்புறுத்தியவர் ஜார்டனின் தாயார். கான்வர்ஸிடம் லாரி பர்டு, மேஜிக் ஜான்சன், ஜூலியஸ் எர்விங் ஆகிய பெருவீரர் ஏற்கெனவே இருந்தனர். புதியவர் ஒருவருக்குத் தனியிடம் தரும் எண்ணம் அதற்கில்லை. நைக்கியோ அவர் பெயரிலேயே ஒரு சப்பாத்தைச் செய்ய முன்வந்தது. ஆண்டுக்கு 5 இலட்சம் டாலராக ஐந்தாண்டு ஒப்பந்தம்; அதற்கு மேலாக, விற்கும் சோடி ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு. டெய்லருக்குக் கிட்டாதது இதுவே.

ஏர் ஜார்டன் 1985 ஏப்ரலில் 65 டாலர் விலையில் கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் 30 இலட்சம் டாலருக்கு விற்றாலே போதும் என்று நைக்கி எண்ணியிருந்தது. முதலாண்டிலேயே விற்றது 12 கோடியே 60 இலட்சம் டாலருக்கு. இதற்கு உதவியாக ஒரு தடையும் வந்து சேர்ந்தது. கறுப்பும் சிவப்புமான அச்சப்பாத்து குழுவினரின் உடைவிதிக்குப் பொருந்தாது என்று கூடைப்பந்துக் கழகம் 1985 பிப்ரவரியில் கடிதம் எழுதிற்று. தடையையே விளம்பரமாக்கியது நைக்கி. கழகம் ஆட்சேபித்தது உண்மையில் முந்திய வேறொரு சப்பாத்தைத்தான் என்று பின்னர் ஆராய்ந்தோர் கூறுகின்றனர். விளம்பரம் ஆராய்ச்சிக்காகக் காத்திருப்பதில்லை.

ஒலிம்பிக் விதியும் 1980-களில் படிப்படியாகத் தளர்ந்தது. 1992-இல் பார்சலோனாவில் அமெரிக்கக் கூடைப்பந்துக் குழு தங்கம் வென்றபோது, மேடையில் அணியவேண்டிய மேலுடையில் ரீபோக் கம்பெனியின் சின்னம் இருந்தது. ஜார்டன் தேசியக் கொடியைத் தோளிற் போர்த்தி அச்சின்னத்தை மறைத்துக்கொண்டார். ஹாரி இரு கம்பெனிகளுக்கிடையே அகப்பட்டு விழித்த மேடைதான் அது. 32 ஆண்டுகளில் தன் கம்பெனியைத் தானே காக்கும் நிலைக்கு வீரன் வந்துவிட்டான். 1997-இல் ஜார்டன் பெயர் நைக்கிக்குள் தனிப் பிரிவாயிற்று. அவர் 2003-இல் ஆட்டத்திலிருந்து முற்றாக விலகினார். விலகி இருபதாண்டு கழிந்த 2023 நிதியாண்டில் அப்பிரிவின் விற்பனை ஏறத்தாழ 660 கோடி டாலர். நைக்கியின் மொத்த விற்பனை 5,100 கோடி டாலருக்குச் சற்று மேல். ஆடாத காலும் விற்கிறது.

இவ்வளவும் கண்டு, பெரிய பெயர் ஒன்றிருந்தால் கம்பெனி பிழைத்துவிடும் என்று முடிவு கட்டுவது தவறு. ரீபோக் 1980-களில் நைக்கியை முந்தியது எந்த வீரனாலும் அன்று. இசைக்கேற்ற உடற்பயிற்சி செய்த பெண்களுக்கென்று 1982-இல் செய்த மென்மையான சப்பாத்தால். ஒலிம்பிக் வீரரிற் பெரும்பாலோர் காலில் இருந்த அடிடாஸ், 1990-களின் தொடக்கத்தில் குடும்பத்தின் கைவிட்டுப் போய் நொடிப்பின் விளிம்பில் நின்றது. அமெரிக்காவில் சாதாரண மக்கள் காலையில் எழுந்து ஓடத் தொடங்கிய 1970-களின் மாற்றத்தை அது உரிய காலத்தில் மதிக்கவில்லை. கான்வர்ஸிடம் மூன்று பெயர்கள் இருந்தும், மூன்றும் ஒரே வகைச் சப்பாத்தை அணிந்து ஒரே படத்தில் நின்றன. பெயரைப் பொருளோடு பிணைப்பதற்கு ஒரு கதை வேண்டும்; கதைக்குத் தகுந்த புதுமை சப்பாத்திலும் வேண்டும். ஓவன்ஸுக்கு ஆணியும், பெர்ன் நகரில் திருகுக் குமிழும் அதைச் செய்தன. டெய்லர் தாமே அக்கதையாக ஊர் ஊராக நடந்தார்.

பங்கு கேட்கும் முறையும் வளர்ந்துகொண்டே போகிறது. மேஜிக் ஜான்சன் 1979-இல் நைக்கி தர முன்வந்த கம்பெனிப் பங்குகளை வேண்டாமென்று கான்வர்ஸின் ரொக்கத்தை வாங்கிக்கொண்டதைப் பின்னாளில் எண்ணி வருந்தியிருக்கிறார். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் அவ்வாறு செய்யவில்லை. தம் நாட்டின் சூரிச் நகரில் 2010-இல் தோன்றிய ஓன் என்னும் காலணிக் கம்பெனியில் 2019-இல் முதல் போட்டு உடைமையாளரில் ஒருவரானார். இரண்டாண்டில் அக்கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது.

கான்வர்ஸ் 2001 ஜனவரியில் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் விண்ணப்பித்துக்கொண்டது. 2003-இல் 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து நைக்கி அதை வாங்கிற்று. வாங்கியவர்கள் பெரிதும் மதித்தது அந்தப் பழைய கித்தான் சப்பாத்தைத்தான். கூடைப்பந்து ஆடுவோர் அதனைக் கைவிட்டு நெடுநாளாயிற்று. ஆட்டமே அறியாத பிள்ளைகள் அணிந்து திரிகின்றனர். கணுக்காலருகே உள்ள வட்டத்தில் சக் டெய்லரின் கையெழுத்து 1934-இல் போட்டபடியே இருக்கிறது.